நிரப்பாமல் விட்ட கட்டம்

தம்பி,

வெள்ளிக்கிழமை நீ உன் ஆய்வறிக்கையைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் இது உன் கைக்கு வர வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ "சரிப்பா" என்பாய், நானும் வைத்துவிடுவேன். போன தடவை அப்படித்தான் ஒரு தப்பு நடந்தது. அதனால் எழுதுகிறேன். இது நமக்குள் மட்டும் இருக்க வேண்டிய விஷயமும் இல்லை. நம் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு வரும் பெண்களுக்கு இதை ஸ்டாண்டில் வைத்துப் படித்துக் காட்டுவேன். அவர்கள் கேட்ட பிறகுதான் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது, உனக்கு இருபத்தொன்று. உபதேசம் செய்கிற அளவுக்கு எனக்கு வயதும் ஆகவில்லை, தகுதியும் இல்லை. ஆனால் நீ அந்த அறிக்கையில் செய்திருக்கும் ஒரு காரியம் நான் சொல்லிச் செய்தது. அதைத் திருத்தச் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

முதலில் ஒரு பழைய கதை. பொழுதுபோக்கு, விளையாட்டு, சுற்றுலா மேலாண்மை என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதில் இடம் கிடைத்திருக்கிறது என்று நீ காகிதத்தோடு வந்து நின்ற அன்று நான் சிரித்தேன். பெரியகுளத்தில் தோட்டக்கலை படிப்பாய் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் உட்கார்ந்து, "பந்து விளையாட ஒரு டிகிரி, ஊர் சுத்த ஒரு டிகிரி, ரெண்டையும் சேத்துப் படிக்கப் போறான் எம்மகன்" என்று சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தேன். நீ உள்ளே வந்து கேட்டுக்கொண்டிருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கு நான் மன்னிப்பே கேட்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இடித்துவிட்டால்கூட எதிராளியைத்தான் முதலில் திட்டுவோம். சிரித்தவன் பதினெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் சுற்றுலா வண்டி ஓட்டிச் சோறு தின்கிறவன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

போன மாதம் நீ அந்த அறிக்கைக்காக வீட்டுக்கு வந்தாய். கம்பத்திலிருந்து மேட்டுச் சாலை வழியாக மலை ஏறும் பயணிகளுக்கு என்னென்ன வசதி இருக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் வேலை என்றாய். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தாள். வண்டி, ஓட்டுநர், ஆட்கள் எத்தனை, எங்கெங்கே நிறுத்தம், குடிதண்ணீர், கழிப்பறை, நிழல், கடைசியில் பயணிகளின் திருப்திக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண். எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு வைத்திருந்தாய். ஞாயிற்றுக்கிழமை என்னோடு வந்தாய். மறுநாள் திங்கட்கிழமையும் வருகிறேன் என்றாய். "திங்கக்கிழமை டூரிஸ்ட் இல்லையேடா" என்றேன். "அதே ரோடு, அதே வண்டிதானப்பா" என்றாய். நீ வருவது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஏற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலமே நடுப்பலகையைக் கழற்றிவிடுவேன். கூட நாலு பேரை உட்கார வைக்க இரண்டு சீட்டுக்கும் நடுவில் போடுகிற பலகை அது. சேறு போகக் கழுவி, சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்து, கண்ணாடியில் வாசனை அட்டை மாட்டுவேன். அன்று வந்தது கோயம்புத்தூர்க் குடும்பம், ஆறு பேர். மூன்றாவது வளைவில் நிறுத்தி, கீழே திராட்சைப் பந்தலும் நெல்வயலும் தெரிகிற இடத்தைக் காட்டினேன். ஐந்தாவது வளைவில் குரங்கு. அப்புறம் டீ. நடுவில் அந்தச் சின்னப் பிள்ளை ஒன்றுக்கு வருகிறது என்றது. சொல்லி முடிப்பதற்குள் வண்டியை ஓரம் கட்டினேன். தூறல் போட்டதால் குடை பிடித்துக்கொண்டு கூடப் போய் நின்றேன். கேரள பார்டர் தாண்டி, எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சவாரி தருகிற ரிசார்ட்டில் எல்லோரும் கழிப்பறை போய்வந்தார்கள். நீ தாளில் "நிறுத்தம் ஆறு" என்று எழுதினாய். திருப்திக்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்தார்கள். அந்த அம்மா, "டிரைவர் ரொம்ப நல்ல மாதிரி" என்று தனியாக எழுதச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை அதே ரோடு, அதே வண்டி. விடியுமுன் ஐந்தரைக்குப் பலகையைப் போட்டுப் பெண்களை ஏற்றினேன். தூக்குவாளி மடியில், முட்டு முட்டோடு இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நீ அவர்கள் நடுவில் நோட்டை வைத்துக்கொண்டு, பேச்சியம்மா அக்காவிடம் கேட்டதை நான் ஓட்டிக்கொண்டே கேட்டேன். இத்தனை வருஷத்தில் எந்த ஆம்பிளையும் கேட்காத கேள்வி அது.

"அத்தை, வழியில ஒண்ணுக்கு வந்தா எங்க போவீக?"

வண்டியே சிரித்தது. பேச்சியம்மா அக்கா, "ஏலே, காலேசுக்குப் படிக்கப் போனியா, இதை எண்ணப் போனியா?" என்றாக. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்கனயும் போறதில்லப்பா. நேத்து ராத்திரிச் சோத்துக்கு அப்புறம் தண்ணி குடிக்க மாட்டோம். தோட்டத்துல இறங்கி, கங்காணி பேரு வாசிச்சு, மறைவாப் போயிட்டு வந்துதான் முத மொடக்குத் தண்ணி" என்றாக.

"மாசத்துல அந்த மூணு நாளு?"

"அந்த மூணு நாளும் இதே வண்டிதான். தனி வண்டியா வரும்?"

நீ தலையைக் குனிந்து எழுதினாய். கடைசியில் திருப்திக்கு மதிப்பெண் கேட்டபோது, "டிரைவர் காதைத் தீட்டிக்கிட்டு ஓட்டுறாரு, இப்பவே போடவா, இறங்கிட்டுப் போடவா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். எத்தனை போட்டார்கள் என்று நீ எனக்குச் சொல்லவில்லை.

ஏன் நிறுத்துவதில்லை என்பதற்கு என்னிடம் காரணம் நிறைய உண்டு. எட்டு மணிக்குப் பேர் வாசிப்பார்கள். ஐந்து நிமிஷம் பிந்தினால் அரைநாள் போய்விடும். ஏற்றக் கூடாத அளவுக்கு ஆள் ஏற்றியிருக்கிறேன். நின்றால் யாராவது எண்ணிப் பார்ப்பார்கள். ஒருத்திக்கு நிறுத்தினால் எல்லோருக்கும் நிறுத்த வேண்டும். இதெல்லாம் பொய் இல்லை. ஆனால் ஆறு பேருக்கு ஆறு தடவை நிறுத்தத் தெரிந்த கால்தான் இது. இந்தப் பெண்களுக்கு என்றால் மட்டும் பிரேக்கில் போகவில்லை. பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வருவதை வைத்துத்தான் நான் இந்த ரோட்டில் 'டயத்துக்குப் போற டிரைவர்' என்று பேர் வாங்கினேன்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் ஆறு வருஷம் நம் வண்டியில்தான் மலைக்கு வேலைக்கு வந்தாள். உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, ஒரு நாள் உடம்பு சரியில்லாமலே ஏறினாள். நாலாவது வளைவில், "இங்கன கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். நான் கேட்காத மாதிரி ஓட்டினேன். மறுபடி சொன்னாள். மற்றப் பெண்களும், "நிறுத்துப்பா, பாவம்" என்றாக. அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நேத்து நீங்க கேட்டதுக்கு நிறுத்தல. இன்னைக்கு எம்பொண்டாட்டிக்கு மட்டும் நிறுத்துனா அது நாயமா?" என்றேன். நியாயமாக நடக்கிறேன் என்றுதான் நினைத்தேன், தம்பி. வீட்டுக்காரிக்கு ஒரு சட்டம், ஊர்க்காரிக்கு ஒரு சட்டம் வைக்காத டிரைவர் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எல்லோருக்கும் நிறுத்துவதும் நியாயம்தான் என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை. தோட்டத்தில் இறங்கும்போது அவள் சேலை நனைந்திருந்தது. வேலைக்குப் போடும் பழைய முழுக்கைச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். அந்த ஈரத்தோடே சாயங்காலம் வரைக்கும் ஏலக்காய் எடுத்தாள். சீட்டை நான்தான் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமைக்காக.

அந்த வாரம் அவளைத் தேனிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சூட்டுக் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னோம். அது சிறுநீரில் வந்த தொற்று. கிட்னி வரைக்கும் போயிருந்தது. டாக்டரம்மா, "நீங்க தண்ணியே குடிக்க மாட்டீங்களாம்மா?" என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. "குடிக்கிறது கொறச்சல்தான் டாக்டர்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மலைக்கு வரவில்லை; கீழே திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறாள். அந்த நாளைப் பற்றி ஒன்பது வருஷம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதெல்லாம் தெரியாமலே நீ திங்கட்கிழமைத் தாளை அறிக்கையில் பத்தாம் பக்கமாக வைத்தாய். ஞாயிறு ஒரு பக்கம், திங்கள் எதிர்ப்பக்கம். உன் பேராசிரியர், இவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல, ஆய்வின் வரம்புக்குள் வர மாட்டார்கள், யோசித்துக்கொள் என்றாராம். வைக்காதே என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொன்னது நான். நீ அந்த ரிசார்ட்டின் கழிப்பறையையும் பக்கத்தில் குறித்திருந்தாய்: காலை ஏழு மணிக்குக் காலியாக இருக்கிறது, பெண்களின் ஜீப் வாசல் வழியாகத்தான் போகிறது, உள்ளே விடுவதில்லை என்று. நீ அங்கே விசாரித்துக் குறித்த விஷயம் ரிசார்ட் மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக உட்காரச் சொன்னார். கப்பில் டீ வந்தது. "மகன் நல்ல ஆளாணு. படிச்சு முடிச்சா இவிடெத்தன்னே ஜோலி. ஆ ஒரு பேஜ் மாத்ரம் வேண்டா, சேட்டா" என்றார். உனக்கு அங்கே வேலை தருவார், அந்த ஒரு பக்கம் மட்டும் இருக்கக் கூடாது. கம்பம் பஸ் ஸ்டாண்டில் நீ பஸ் ஏறும்போது நான் அதைத்தான் உன்னிடம் சொன்னேன். "பொம்பளைக ஒண்ணுக்குப் போறதையெல்லாம் எழுதி என்னடா ஆகப்போகுது? வேலையைப் பாரு" என்றேன். நீ அறிக்கையை என் கையில் கொடுத்தாய். பிரித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் 'ஓட்டுநர்' என்ற கட்டத்தில் என் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தாய். திங்கட்கிழமைத் தாளில் அந்தக் கட்டம் காலி. திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணி, "எடுத்துட்டேம்ப்பா" என்றாய். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை வண்டியில் ஏறியதுமே பேச்சியம்மா அக்கா, "தம்பி எங்களைப் பத்தி எழுதிட்டானா?" என்று கேட்டாக. அதையே வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "அவன் பதினாலு பேருன்னு எழுதினான். அன்னைக்குப் பதினாறு. ரெண்டு பேரு பின்னாடி ஏணியில நின்னு வந்தாளுக, அவன் கவனிக்கல. திருத்தச் சொல்லு. தப்பா எழுதினா மார்க்கு கொறைப்பாக" என்றாக. உன் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். எடுத்தாயிற்று என்பதை மறைத்துவிட்டேன். "சொல்றேன்க்கா" என்றேன். அன்றும் வழியில் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "நான் வந்த கதையும் அதுல இருக்கா?" என்று கேட்டாள். எனக்குப் புரிந்தது. "இல்ல. அவனுக்குத் தெரியாதே. அந்தப் பக்கத்தையே எடுத்துட்டான். நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றேன். அவள் வந்து குடத்திலிருந்து தண்ணீர் மோந்து, என்னைப் பார்த்தபடி நின்று ஒரு தம்ளர் முழுக்கக் குடித்தாள். அது பள்ளிக்கூடத்தில் கோகோ விளையாடி அவள் பரிசாக வாங்கின தம்ளர். அவளைத் தொட ஒருத்தியாலும் முடியாது என்பார்கள். பத்தாவதோடு நிறுத்தி எனக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு அவள் ஓடி நான் பார்த்ததில்லை. "இவ்வளவு தண்ணி குடிக்க எனக்கு எத்தனை வருசம் ஆச்சு" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரம் வியாழக்கிழமை முதல் ஆறாவது வளைவுக்கு மேலே, புதர் மறைவு இருக்கும் இடத்தில் பத்து நிமிஷம் நிறுத்துகிறேன். முதல் நாள் நிறுத்தியதும் யாரும் இறங்கவில்லை. வண்டி பழுது என்று நினைத்தார்கள். காரணத்தைச் சொன்னதும், "என்னப்பா, மகன் பரீட்சை வச்சிட்டானா?" என்று கேட்டுக்கொண்டு பேச்சியம்மா அக்காதான் முதலில் இறங்கினாக. இதை நல்ல கதையாக நினைத்துக்கொள்ளாதே. முதல் வாரத்தில் இரண்டு நாள் பிந்தி, கங்காணி கத்தினான். மூன்று பெண்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. இப்போது கால்மணி நேரம் முன்னால் கிளம்புகிறோம். அந்தக் கால்மணி நேரமும் அவர்கள் தூக்கத்திலிருந்துதான் போகிறது. ஆட்களைக் குறைத்து ஏற்றும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. மேனேஜரிடம் போய், காலையில் பத்து நிமிஷம் இந்தப் பெண்கள் உங்கள் கழிப்பறையைப் பயன்படுத்தட்டுமே என்று கேட்டேன். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை. "கெஸ்டுகள்க்கு மாத்ரம்" என்றார், விருந்தினருக்கு மட்டும்தானாம். அதன் பிறகு இரண்டு ஞாயிறாக அங்கிருந்து அழைப்பு இல்லை. மற்ற டிரைவர்கள், "படிச்ச பிள்ளையைப் பெத்தவரு, வண்டியை நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டுவாரு" என்று கிண்டல் பண்ணுகிறார்கள். பண்ணட்டும். உன் படிப்பைப் பற்றி அவர்களுக்கு அப்படிச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தவனே நான்தானே.

நீ ஒரு தடவை பொழுதுபோக்கு என்றால் என்ன என்று உன் புத்தகத்தில் இருந்ததை எனக்குச் சொன்னாய். கட்டாயமாகச் செய்ய வேண்டியதெல்லாம் போக மிச்சம் இருக்கும் நேரம் என்று. பேச்சியம்மா அக்காவிடம் இதைச் சொன்னேன். "மிச்சம்னா என்னப்பா?" என்றாக. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நாள். அந்தத் துணியில் இருக்கும் ஏலக்காய்க் கறையைத்தான் கோயம்புத்தூர்க் குடும்பம் பார்க்க வருகிறது, வாசனையாக, பாக்கெட்டாக, போட்டோவாக. ஒரு மலையை ஒருத்தர் ரசிப்பதும் ஒருத்தர் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு ஏறுவதும் ஒரே ரோட்டில்தான் நடக்கிறது. இதில் எதைச் சொல்லித்தருகிற படிப்பு உன்னுடையது என்று எனக்குத் தெரியாது. பெஞ்சு எங்கே போடுவது, தண்ணீர்க் குழாய் எங்கே வைப்பது, கழிப்பறைக் கதவு யாருக்குத் திறப்பது என்று முடிவு பண்ணும் நாற்காலியில் நாளைக்கு நீ உட்காரலாம். அங்கே உட்கார்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. இப்போது எடுத்த பக்கத்தை அப்போது வைக்க மாட்டாய். நானும் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தபோது, நாலு வருஷம் போகட்டும், நம் இஷ்டப்படி ஓட்டலாம் என்றுதான் நினைத்தேன்.

பத்தாம் பக்கத்தைத் திரும்ப வை. அந்த ரிசார்ட் வேலை போய்விடும். வேறு வேலை கிடைக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், எனக்குத் தெரியாது. வரம்புக்குள் வராது என்று பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்தாலும் குறைக்கட்டும். ஆள் எண்ணிக்கையைப் பதினாறு என்று திருத்து. ஏணியில் இரண்டு பேர் என்று தனியாகவே எழுது. போலீஸ் என்னைக் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் அம்மா ஒரு செய்தி சொல்லச் சொன்னாள். ஒன்பது வருஷத்துக்கு முந்திய அந்த நாளை அவளே உன்னிடம் சொல்கிறாளாம். புதன்கிழமை அவளுக்குத் தோட்ட வேலை இல்லை. காலையில் போன் பண்ணு. பேனாவும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொள். அழுதுகொண்டு கேட்காதே, அவளுக்குப் பிடிக்காது. அவள் பெயரை மாற்றிப் போட வேண்டாம் என்றாள்.

என் பெயரையும்தான். திங்கட்கிழமைத் தாளில் அந்த ஒரு கட்டத்தை நீ மறந்துபோய்க் காலியாக விடவில்லை என்று எனக்குத் தெரியும். அப்பன் பெயரை அங்கே எழுதக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டியவனும் திங்கட்கிழமை ஓட்டியவனும் ஒரே ஆள், தம்பி. அந்தக் கட்டத்தை நிரப்பு.

அப்பா